பணிவின் பாவலர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை

பொருநையாறு பாயும் நெல்லைச் சீமை புலவர்க்குப் பஞ்சமில்லாத சீமை. அச்சீமையில், நெல்லை நகரை அடுத்த கரையிருப்பு என்னும் சிற்றூரில், 1827ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 23ஆம் நாள் கிருஷ்ணபிள்ளை பிறந்தார். தந்தையார் சங்கரநாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மாள். வைணவ நெறியில் ஊன்றிய வேளாளர் குடும்பம். சங்கரன்கோவில் வட்டாரத்தார்க்கு அத்தந்தையின் பெயர் செவிக்கு இனிய பெயர். அரியும் அரனும் ஓருருவாய் நிற்கும் கோலத்தின் பெயர் அது. பெயர் அவ்வாறிருப்பினும் வீட்டில் ஒலித்தவை ஆழ்வார்களின் அருளிச்செயல்களும் கம்பரின் இராமகாதையுமே. தந்தையார் கம்பராமாயணத்தில் தோய்ந்தவர். அவர் பொருள் விரித்துரைக்கக் கேட்டுக் கேட்டு, எழுத்தறியும் முன்னரே கம்பரின் சந்தம் மகனின் செவியில் குடிபுகுந்தது. பின்னாளில் அவர் எந்தச் சமயத்தைப் பாடினாலும் அந்தச் சந்தத்திலேயே பாடினார் என்பதை இங்கேயே சொல்லி வைப்பது தகும்.

திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் இளைஞர் கிருஷ்ணபிள்ளை முறையாகத் தமிழ் பயின்றார். அக்காலத்துத் தமிழ்க் கல்வி நினைவாற்றலின்மேல் நின்ற கல்வி. நிகண்டும் இலக்கணமும் மனப்பாடம். அந்தாதியும் கலம்பகமும் மனப்பாடம். அவ்வாறு கற்றவனுக்குக் கல்வியோடு கூடவே மற்றொன்றும் வந்து சேரும். அதுதான் புலமைச் செருக்கு. ஒருவர் பாட்டில் மற்றவர் குற்றம் காண்பதும், சிலேடையால் மடக்குவதும், அவையில் வென்று தலைநிமிர்ந்து செல்வதும் அக்காலப் புலவர் வாழ்வில் இயல்பாகவே கருதப்பெற்றன. அடக்கமுடைமையை மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே அடங்காமல் வாழ்வது எளிது. புலவர்க்கு அது இன்னும் எளிது. குலப்பெருமை, சமயப்பெருமை, கல்விப்பெருமை என்னும் மூன்றும் ஒருங்கே வாய்த்த இளைஞராகவே கிருஷ்ணபிள்ளை தம் இருபதுகளைக் கழித்தார். அவர் வளர்ந்த காலம் நெல்லை நாட்டில் சமயப்பூசல் மிகுந்த காலம். ஒருபுறம் சபைகள் ஊர் ஊராகப் பெருகின. மறுபுறம் அவற்றை எதிர்த்து 1840களில் விபூதிச் சங்கம் கிளர்ந்தது. கற்ற வேளாளர் வீடுகளில் கிறிஸ்தவம் என்பது எளியோரின் சமயம், அயலாரின் சமயம் என்ற எண்ணமே நிலவியது. கிருஷ்ணபிள்ளையும் அவ்வெண்ணத்திற்குப் புறம்பானவர் அல்லர்.

அத்தகையவர் 1853ஆம் ஆண்டில் சாயர்புரத்து மிஷன் கல்விச்சாலையில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். ஏன் சேர்ந்தார்? ஊதியத்திற்காகச் சேர்ந்தார். இதனை மறைக்க வேண்டியதில்லை. குடும்பத்தைத் தாங்க வேண்டிய பொறுப்பு அவருக்கு இருந்தது. மிஷன் பள்ளிகளுக்கோ செந்தமிழ் கற்பிக்கத் தக்க புலவர்கள் தேவைப்பட்டனர். ஜி.யு. போப் 1840களில் கட்டியெழுப்பிய கல்விச்சாலை அது. அதற்குரிய தமிழ்ப் புலவரைச் சோதித்துத் தேர்ந்தவர் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை அவர் அச்சிட்டது மூன்றாண்டு கழித்து, 1856இல். தமிழ் மொழியின் தொன்மையை உலகறியச் செய்தவரும், தமிழில் ஒரு கிறிஸ்தவக் காப்பியம் செய்யப் போகிறவரும் அந்தத் தேர்வில் எதிரெதிரே இருந்தனர். இருவரும் அதனை அன்று அறிந்திருக்க இயலாது.

சாயர்புரத்தில் பயின்ற மாணவர்களுட் பெரும்பாலோர் பனைத்தொழில் செய்து வாழ்ந்த நாடார் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். திண்ணைப் பள்ளிகளில் இடம்பெற வாய்ப்பில்லாத பிள்ளைகள் அவர்கள். அவர்கட்கு நன்னூலும் நாலடியாரும் கற்பிக்க ஒரு வேளாளப் புலவர் அமர்ந்தார். முதலில் ஊதியத்திற்கான கடமையாகத்தான் அது இருந்திருக்கும். ஆயினும் நாள்தோறும் ஒரே அறையில் இருந்து கற்பிக்கும் ஆசிரியனுக்குத் தன் மாணவனின் அறிவு கண்ணுக்குத் தெரியாமற் போகாது. குலத்தைக் கொண்டு அறிவை அளந்தவர்க்கு அளவுகோல் கைநழுவும் இடம் வகுப்பறையே.

சாயர்புரத்து வாழ்வு நான்காண்டுக் காலம் அவருள்ளத்தை உழுதது. நண்பர் தனுக்கோடி ராஜு கிறிஸ்தவரானது அவரைக் கலக்கியது. அவர் தந்த நூல்களும் அவரோடு நிகழ்ந்த உரையாடல்களும் சிந்தனையைத் தூண்டின. பாவம், அதற்குரிய பரிகாரம், தன்னையே பலியாகத் தரும் இறைவன் என்னும் கருத்துகள் அவரை விடாமற் பற்றின. தாம் கிறிஸ்தவரான வரலாற்றை அவர் பின்னர்த் தாமே எழுதி வைத்தார். ஒருவன் தன் மனமாற்றத்தைத் தானே எழுதுவது இடர் நிறைந்த வேலை. தன்னைத் தாழ்த்திச் சொல்வதுபோலத் தன்னை உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பு அதில் மிகுதி. கிருஷ்ணபிள்ளையின் வரலாறோ தன் வெற்றியைப் பேசாமல், தன்னைத் தடுத்துக்கொண்டிருந்த தயக்கங்களையே பெரிதும் பேசும் வரலாறாக அமைந்தது.

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், சென்னை மயிலாப்பூர் தூய தோமா ஆலயத்தில், ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயர் பெற்று அவர் ஞானஸ்நானம் ஏற்றார். வயது முப்பத்தொன்று நிறைய ஐந்து நாள் இருந்தது. புதுப்பெயர் முன்னே வந்து நின்றதே ஒழியக் கிருஷ்ணன் பெயர் நீங்கவில்லை. இறுதிவரை அவர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையே. சொந்த ஊரில் அன்றிச் சென்னையில் இது நிகழ்ந்தமைக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. உற்றார் கண்ணீரின் நடுவே அதைச் செய்ய எவர்க்கும் நெஞ்சு துணியாது. தம்பி முத்தையா பிள்ளையும் கிறிஸ்தவ நெறியில் நின்றவரே. காலப்போக்கில் குடும்பத்தாரும் அவ்வழி வந்தனர். அதற்கு முன் அவர் கடந்த தனிமை சிறிதன்று.

வேலைக்காகவும் சோற்றுக்காகவும் மதம் மாறினர் என்னும் பழிச்சொல் அக்காலத்தில் மாறியோர் அனைவர் மேலும் விழுந்தது. மிஷன் ஊதியத்தில் வாழ்ந்த கிருஷ்ணபிள்ளைமேல் அது விழுவது இன்னும் எளிது. ஆனால் கணக்குப் பார்த்தால் அப்பழி நிற்கவில்லை. கிறிஸ்தவராகாமலே அவருக்கு வேலை இருந்தது, ஊதியம் இருந்தது, வைணவப் புலவர் என்னும் மதிப்பும் இருந்தது. மாறியதால் அவர் கூடுதலாகப் பெற்ற பெரும்பதவி எதுவுமில்லை. இழந்தது ஊரும் உறவும் தந்த மதிப்பை. தமிழாசிரியராகத் தொடங்கியவர் வாழ்நாள் முழுவதும் தமிழாசிரியராகவே இருந்தார்.

அதே 1858ஆம் ஆண்டு, நெல்லைச் சீமையின் வடபகுதியில் மற்றொருவர் வாழ்வு முடிந்தது. தாமஸ் கஜேதன் ராக்லாந்து என்னும் ஆங்கிலேயர் அவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, அங்கே கல்லூரி ஆய்வாளராக இருந்தவர், சென்னையில் சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராக அமர்ந்து கோப்புகளைப் பார்த்திருக்கலாம். அதை விடுத்து 1854 முதல் கூடாரத்தில் வாழ்ந்து, வானம் பார்த்த கரிசல் ஊர்களில் நடந்து திரிந்து, அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில் உயிர் நீத்தார். கிருஷ்ணபிள்ளையின் வரலாற்றுக்கு இவர் நேரடித் தொடர்புடையவர் அல்லர். எனினும் பெரும்படிப்பை மண்ணில் விதையாக இட்டுவிட்டுப் பலனைக் காணாமற் போகும் துணிவு அந்நாளைய நெல்லைச் சபைகளின் காற்றில் இருந்தது என்பதற்கு இவரும் சான்று. அக்காற்றை மூச்சாக இழுத்தவரே கிருஷ்ணபிள்ளை.

சென்னையில் அவர் பெர்சிவல் ஐயர் நடத்திய தினவர்த்தமானி இதழில் துணையாசிரியராகவும், மாநிலக் கல்லூரியில் தமிழாசிரியராகவும் பணி செய்தார். சி.வை. தாமோதரம்பிள்ளையும் பணியாற்றிய இதழ் அது. பின்னர் மீண்டும் சாயர்புரம். அதன்பின் பாளையங்கோட்டை சி.எம்.எஸ். கல்லூரி, 1886 முதல் சில ஆண்டுகள் திருவனந்தபுரம் மகாராசர் கல்லூரி. மனோன்மணீயம் தந்த பெ. சுந்தரம்பிள்ளை அக்கல்லூரியில் தத்துவம் கற்பித்து வந்தார். பழந்தமிழ்க் காப்பியங்களிலிருந்து அறப்பகுதிகளைத் திரட்டிக் காவிய தர்ம சங்கிரகம் என்னும் தொகுப்பையும் கிருஷ்ணபிள்ளை ஆக்கினார். சமயம் மாறியதற்காகப் பழைய இலக்கியத்தை வீட்டுக்கு வெளியே எறிந்தவர் அல்லர் அவர் என்பதற்கு இத்தொகுப்பு ஒன்றே போதும்.

இப்பணிகளுக்கு நடுவே வளர்ந்ததே இரட்சணிய யாத்திரிகம். பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த நற்போதகம் இதழில் அது பல ஆண்டுகள் பகுதி பகுதியாக வந்தது. மாதச் சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியர், பகலில் மாணவர்க்கு இலக்கணம் சொல்லிவிட்டு, எஞ்சிய நேரத்தில் ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களில், மூவாயிரத்து அறுநூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களைச் செய்தார். முழு நூலாக 1894ஆம் ஆண்டில் கிறிஸ்தவ இலக்கியச் சங்கத்தின் வழியே அச்சேறியபோது அவருக்கு வயது அறுபத்தேழு.

அவர் எடுத்துக்கொண்ட மூலநூல் எது என்பதில்தான் அவருடைய பணிவின் முதல் அடையாளம் இருக்கிறது. கம்பரைக் கரைத்துக் குடித்த புலவர், அரசர் கதையையோ அறிஞர் இயற்றிய தத்துவ நூலையோ நாடவில்லை. இங்கிலாந்தில் பெட்போர்டு நகருக்கருகே பாத்திரங்களுக்கு ஈயம் பூசியும் ஓட்டையடைத்தும் பிழைத்த ஜான் பனியன் என்னும் எளிய மனிதர் எழுதிய உரைநடைக் கதையை எடுத்துக்கொண்டார். அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் கிடந்தவர் பனியன். அவருடைய மோட்சப் பயணக் கதையின் முதற்பாகம் 1678இல் வெளிவந்தது. பல்கலைக்கழகம் கண்டறியாத அக்கைவினைஞரின் கதைக்குத் தமிழின் பெருங்காப்பிய ஆடையை உடுத்தினார் கிருஷ்ணபிள்ளை. பனியன் அரையேட்டில் சொல்லி நகரும் இடங்களிலும் நாட்டு வளமும் நகர் வளமும் விரியப் பாடினார். ஆற்றுப்படலமும் நாட்டுப்படலமும் கேட்டு வளர்ந்த செவி அவ்வாறு பாடாமல் இருக்க முடியாது.

பனியன் கதையில் பயணி, அழிவின் நகரை விட்டு நித்திய நகர் நோக்கி நடக்கிறான். முதுகிற் சுமந்த பாவச்சுமை சிலுவையடியில் கழன்று விழுகிறது. அதன்பின் எழில்மிகு மாளிகையில் தங்கிப் படைக்கலம் பூண்டு வெளியேறுகையில் அவன் இறங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் தாழ்மைப் பள்ளத்தாக்கு. ஏறுவதைவிட அதில் இறங்குவது கடினம். இறங்கும்போது கால் வழுக்கும். அங்கேதான் அப்பொல்லியோன் எனும் அலகை வழிமறித்துப் போரிடுகிறது. மாளிகையில் சிறப்புப் பெற்ற உடனேயே பள்ளத்தில் இறங்க வேண்டியிருப்பதும், வழுக்கியவர்க்கே அங்குச் சண்டை கடுமையாவதும் பனியன் கண்ட உள்ளத்து உண்மைகள். 1684இல் வந்த இரண்டாம் பாகத்தில் அதே பள்ளத்தாக்கு மிகச் செழித்த நிலமாகக் காட்டப்பெறுகிறது. கந்தை உடுத்த இடைச்சிறுவன் ஒருவன் அங்கே ஆடு மேய்த்துப் பாடிக்கொண்டிருக்கிறான். ஒரே இடம் செருக்குடையார்க்குப் போர்க்களம். இல்லாதார்க்கு மேய்ச்சல் நிலம்.

தன்னலத்தை மறைத்த பக்தியையும் பனியன் விட்டு வைக்கவில்லை. சமயம் வெள்ளிச் செருப்பணிந்து வெயிலில் உலாவும்போது மட்டும் உடன் நடக்கும் மனிதன் ஒருவன் கதையில் வருகிறான். ஊதியம் கருதிப் பக்தி செய்வதில் பிழையில்லை என அவனும் அவன் கூட்டாளிகளும் வாதாடுகின்றனர். சற்று அப்பால் வழியருகே வெள்ளிச் சுரங்கம் ஒன்று வாய்பிளந்து நிற்கிறது. ஆதாயத்திற்காக மதம் மாறியவன் என்று ஏச்சுக் கேட்டுப் பழகிய ஒருவர் இக்கதையை ஆண்டுக்கணக்கில் மனத்திற் சுமந்து பாடினார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவ்வேச்சுக்கு அவர் தனியே மறுப்பு எழுதித் தம்மைக் காத்துக்கொள்வதினும், அவ்வகை மனிதன் தம்முள்ளும் நுழையக்கூடும் என்று அஞ்சிப் பாடுவதையே தேர்ந்தார்.

இக்காப்பியத்தின் இதயம் இரட்சணிய சரிதப் படலம். பனியன் நூலில் இல்லாத அளவுக்கு இயேசுவின் பாடுகளை விரித்துரைக்கும் பகுதி அது. சீடர் கால்களைக் கழுவிய கைகள் கட்டுண்டு நிற்பதையும், ஏளனத்திற்கு மறுமொழி கூறாத பொறுமையையும் பாடுகையில் கிருஷ்ணபிள்ளையின் கவிதை தன் முழு உயரத்தை எட்டுகிறது. வில்லேந்திய வீரனைப் பாடக் கம்பர் வகுத்த நடை, எதிர்த்து நில்லாத ஒருவரைப் பாட இங்கே வளைந்து கொடுக்கிறது. அதற்கு வேண்டிய பயிற்சியைக் கம்பரே தந்திருந்தார். நாடிழந்தபோதும் முகம் வாடாத இராமனைச் சிறுவயதிலேயே கேட்டறிந்தவரல்லவா!

கிருஷ்ணபிள்ளையின் பணிவைக் கிறிஸ்தவத்திலிருந்து மட்டுமே வந்ததாகக் கொள்வது பாதி உண்மையே. தன்னை நீசனென்றும் அடியார்க்கு அடியானென்றும் தாழ்த்தி இறைவன் முன் நிற்கும் நிலையை வைணவர் நைச்சியானுசந்தானம் என்பர். ஆழ்வார் பாசுரங்களில் அவ்வுணர்வு பெருகி ஓடுவதை அறிவார் அறிவர். இரட்சணிய மனோகரத்தின் இசைப்பாக்களிலும், மணிவாசகரின் அகவலை முன்மாதிரியாகக் கொண்ட போற்றித் திருஅகவலிலும் தன் சிறுமையை எண்ணி உருகும் அந்தப் பழைய குரல் கேட்கிறது. இறைவனே தன்னைத் தாழ்த்தி அடிமையின் கோலம் பூண்டான் என்னும் செய்தியை இவர் கிறிஸ்தவத்தில் பெற்றார். அதற்கு நெகிழும் நெஞ்சை ஆழ்வார்களிடம் பெற்றிருந்தார்.

அவையடக்கம் பாடுவது தமிழ்ப் புலவர் மரபு. பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையென்று தம்மைச் சொல்லிக்கொண்ட கம்பருக்குத் தம் கவியின் பெருமை தெரியாதிருந்திருக்க இயலாது. மரபுக்காகச் சொல்லும் அடக்கம் ஓர் அணியே. கிருஷ்ணபிள்ளையிடம் அந்த அணியும் உண்டு. அதற்கு மேற்பட்டதும் உண்டு. தம் காப்பியத்தைத் தம் புகழின் கோபுரமாக்காமல், சபையார் பாடி மனங்கசியும் தேவாரங்களை அதன் இடையிடையே அமைத்தார். காப்பியம் படியாத எளிய மக்களுக்கும் அவை எட்டின. பெரும்புலவர் ஒருவர் பாமரரின் நாவை மனத்திற்கொண்டு பாட இறங்கிவருவது அவையடக்கத்தினும் அரியது.

குறை கூறுவோரும் உண்டு. கம்பரின் சொல்லையும் தொடரையும் உவமையையும் அளவின்றி எடுத்தாண்டார் என்பர். வடசொற்கலப்பு மிகுதி என்பர். உருவகப் பெயர்கள் காப்பிய ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பர். இவற்றுள் உண்மை இல்லாமலில்லை. தேம்பாவணியின் கட்டுக்கோப்பை எதிர்பார்த்து இந்நூலுக்குள் நுழைபவர் ஏமாறக்கூடும். ஆனால் உருக்கம் வேண்டுவோர் வீரமாமுனிவரைவிட இவரிடமே நெடுநேரம் தங்குவர்.

மனிதரைப் பற்றியும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இறைவன் முன் தாழ்ந்தவர் பிறர் முன்னும் தாழ்ந்தாரா? 1898இல் வெளிவந்த இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் உரைநடை நூலில் தம் சமயமே மீட்பின் சமயம் என நிறுவும் வாதப்புலவரைக் காண்கிறோம். அங்கே பழைய அவைப்புலவரின் வாள் உறையினின்றும் வெளிவருகிறது. நெல்லைச் சபைகளிற் குலவேற்றுமை அவர் காலத்தில் நீங்கவுமில்லை. கற்ற வேளாளக் கிறிஸ்தவர்கள் அதற்கு விலக்காக நின்றனர் என்று சொல்லவும் இயலாது. தாழ்மைப் பள்ளத்தாக்கை ஒரு நாளிற் கடந்தார் என்று அவரைப் பற்றி எழுதுவது அவர் பாடிய காப்பியத்திற்கே மாறானது. அவர் பயணி ஊர் சேரும்வரை நடந்துகொண்டேயிருப்பவன்.

சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் 1865இல் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், ஊற்றுமலைக் குறுநில மன்னரின் ஆதரவில் காவடிச்சிந்து பாடிப் புகழ் ஓங்கி, 1891இல் இளமையிலேயே மறைந்தார். ஒரே சீமையில் ஒரே காலத்தில் இரு வேறு புலவர் வாழ்க்கைகள். ஊற்றுமலையில் பாட்டுக்குப் பரிசிலும் அரண்மனைப் பந்தியும் காத்திருந்தன. பாளையங்கோட்டை ஆசிரியருக்கு அவ்வாறு கொடுப்பார் இல்லை. சடையப்ப வள்ளலும் இல்லை. பரிசிலை நினைந்து பாடுவது தமிழ்ப்புலவர்க்கு இழுக்கன்று. சங்க காலம் தொட்டு அது முறையே. எனினும் பரிசில் வரும் வழியே இல்லாத இடத்தில் நின்று பல்லாண்டு ஒரு காப்பியத்தைச் செய்து முடிக்க வேறொரு தூண்டுதல் வேண்டும்.

மாயூரம் வேதநாயகம் பிள்ளை இவருக்கு ஓராண்டு மூத்தவர், 1889இலேயே மறைந்தார். கிருஷ்ணபிள்ளை அதன்பின்னும் பத்தாண்டு இருந்தார். கிறிஸ்தவக் கம்பர் என்று உலகம் பின்னர் அவரைப் போற்றியது. அமெரிக்க அறிஞர் டென்னிஸ் ஹட்சன் அவர் வாழ்வையும் காலத்தையும் ஆராய்ந்து 1970இல் முனைவர் பட்ட ஆய்வேடு அளித்தார். இவை எதனையும் அவர் அறியார். முதுமையில் அவர் கைவிடாதது எழுத்துப் பணியை மட்டுமே. 1899இல் இரட்சணிய மனோகரம் அச்சாகி வந்தது. மறு ஆண்டு, 1900 பிப்ரவரி 3ஆம் நாள், தம் எழுபத்திரண்டாம் வயதில் கிருஷ்ணபிள்ளை காலமானார்.